வீடே மருத்துவமனை: சென்னை தந்த பாடம்

நோய்க்கு மருந்து எழுதித் தருபவர் மருத்துவர். அம்மருந்து நாள் தவறாமல் நோயாளியின் வாயிற் செல்கிறதா என்று பார்ப்பவர் வேறொருவர். இந்த இரண்டாமவரின் பணி எத்துணைப் பெரியது என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய நகரங்களுள் தலையாயது நம் சென்னை. திலக் நகரிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழ் மக்கள் அந்த வரலாற்றை அறிந்திருப்பது நன்று.

இல்லம் தேடிச் சென்று தாதியர் பணிபுரியும் முறை 1859-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உருப்பெற்றது. வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், தம் மனைவியின் இறுதி நாட்களில் பணிவிடை செய்த மேரி ராபின்சன் என்ற தாதியை, நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பி வைத்தார். அவ்வித்து பின்னர் பல நாடுகளிலும் தழைத்தது.

ஆயினும், காசநோய்க்கு இம்முறை பொருந்தாது என்றே பலரும் எண்ணினர். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றும் சானடோரியத்தில்தான் கிட்டும் என்பது அக்காலக் கொள்கை. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால், நாட்டில் நோயாளிகளோ பல லட்சம், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். இடம் கிடைக்காதவர் கதி என்ன?

இவ்வினாவுக்கு விடை காண, 1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று நிறுவப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கைகோத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் முன்னின்று நடத்தினார். 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். யார் சானடோரியம் செல்வது, யார் வீட்டிலிருப்பது என்பது குலுக்கல் போன்ற முறையால் முடிவாயிற்று. இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோனியாசிட், பாஸ் என்னும் அதே மருந்துகள்.

வீட்டிலிருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள்; அவர்களுடைய உணவும் குறைவு. எனினும் 1959-ஆம் ஆண்டில் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. சானடோரியத்தில் 100-க்கு 92 பேருக்கும், வீட்டில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டாருக்கு நோய் தொற்றுவதும் மிகுந்துவிடவில்லை.

இவ்வெற்றிக்கு மருந்து மட்டுமே காரணமன்று. ஹெல்த் விசிட்டர்கள் முன்னறிவிப்பின்றி வீடு சென்று, எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொண்டதை உறுதி செய்தனர். தவறியவரைத் தேடிப்பிடித்து இதமாக எடுத்துரைத்தனர். கண்காணிப்பு இருந்தபோதும் சிலர் மருந்தைத் தவறவிடுவது புலப்பட்டது. பிறர் முன்னிலையில் மருந்து அருந்தும் முறை வளர்வதற்கு இவ்வனுபவம் வழிகோலிற்று. 1990-களில் உலகச் சுகாதார நிறுவனம் அதனையே நாடுகளுக்குப் பரிந்துரைத்தது.

உணவு வேண்டாம் என்பதன்று இதன் பொருள். ஜார்க்கண்டில் நிகழ்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு அளித்தால் அவர்களுக்கு நோய் வருவது பெரிதும் குறையும் எனக் காட்டியுள்ளது.

நேயர்களே, இப்பாடம் திலக் நகருக்கு ஏன் வேண்டும்? நிலையத்தை அடுத்தே லோகமான்ய திலகர் முனையம். அங்கிருந்து தமிழகத்திற்கு ரயில்கள் புறப்படுகின்றன. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் இருமல் தணியும், பசி எடுக்கும். "குணமாகிவிட்டது" என்று எண்ணி, மருந்தை நிறுத்திவிட்டு ஊர் செல்பவர் உண்டு. அரைகுறை மருந்தில் தப்பிய கிருமி, மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறக்கூடும். அத்தகைய காசநோய் மும்பையைப் பெரிதும் வருத்தி வருகிறது.

ஆதலால் ஊர் புறப்படுமுன் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். சிகிச்சையைச் சொந்த ஊருக்கு மாற்றித் தர அரசுத் திட்டத்தில் வழியுண்டு, மருந்தும் இலவசம். உறவினர் அருகில் இல்லாத நோயாளிக்கு, அடுத்த வீட்டார் அன்றாடம் ஒருமுறை "மருந்து சாப்பிட்டீர்களா?" என்று கேட்டாலே பேருதவி. சென்னையின் ஏழை வீடுகளில் அன்று செய்ய முடிந்ததை, மும்பையின் சால்களில் இன்று நாம் செய்ய இயலாதா?