ரெடிமேட் வீடு வாங்குறீங்களா? கிரேனைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

காரைக்குடிப் பக்கம் சொந்த மனையில் கன்டெய்னர் வீடோ, ப்ரீஃபேப் வீடோ வைக்கிற ஐடியா இருக்கா? 'ரெடிமேடா வர்றதுதானே, அனுமதி எதுக்கு'ன்னு நினைக்காதீங்க. எந்தப் பொருளில் செய்தாலும் கட்டட விதிகளின்படி அது கட்டடம்தான்.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்றிதழ் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். முன்கூட்டியே யாரும் வந்து இடத்தைப் பார்க்க மாட்டாங்க. அதனால, சரிபார்க்கும் பொறுப்பு உங்களோடது.

அடித்தளம்: மண் பரிசோதனை செஞ்சு, மட்டம் பார்த்து கான்கிரீட் போடணும். அதோட வீட்டை ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கணும். சும்மா தூக்கி வெச்சா, பெருங்காற்றில் நகர வாய்ப்பிருக்கு.

கரன்ட்: இரும்புச் சுவரில் மின்கசிவு வந்தா, தொடுற இடமெல்லாம் ஷாக்தான். எர்த்திங், ஆர்.சி.சி.பி ரெண்டையும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வெச்சு டெஸ்ட் பண்ணுங்க.

வெயில்: செட்டிநாட்டு வீடுகளைத் தடிமனான சுவரும் முற்றமும் குளுமையா வெச்சிருக்கு. இரும்புப் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. இன்சுலேஷன் என்ன பொருள், எவ்வளவு தடிமன்னு ஆர்டரிலேயே எழுதி வாங்குங்க.

கூரை இணைப்புகளில் தண்ணீர் அடிச்சு, ஒழுகலைன்னு பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்க!