அழைப்பும் அனுமதியும்: ஜகார்த்தா 1962

பன்னாட்டு விளையாட்டு விழாக்களைப் பற்றிப் படிக்கும்போது நாம் ஓட்டத்தின் நொடிகளையும் கோல்களின் எண்ணிக்கையையும் நோக்குகிறோமேயன்றி, அங்கு வந்தோர் எவ்வாறு உள்ளே வந்தனர் என்பதை நோக்குவதில்லை. அழைப்பு அனுப்புவது விளையாட்டுச் சம்மேளனம். வாயிலைத் திறந்துவிடுவதோ அரசாங்கம். சீட்டு வழங்கும் குமாஸ்தா ஒருவர், வாயிலில் நிற்கும் பரிசோதகர் மற்றொருவர் என்னும் எங்கள் இரயில்வே ஏற்பாட்டை அறிந்த அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் எங்களிடத்தில் இருவருக்கும் எஜமான் ஒருவரே. விளையாட்டு உலகில் அப்படியன்று.

இவ்விடரை நீக்கவே ஒலிம்பிக் சாசனத்தில் ஒரு விதி உண்டு. ஒலிம்பிக் அடையாளச் சீட்டும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால், விழாவுக்கு ஒரு மாதம் முன்னும் ஒரு மாதம் பின்னும் அந்நாட்டில் தங்க அனுமதி உண்டு என்பது அது. வீரர்களுக்காகவாவது உலகம் குரல் எழுப்பும். நடுவர், சங்கத் தலைவர், சம்மேளன உறுப்பினர் முதலிய அதிகாரிகளுக்காகக் குரல் எழுப்புவார் அரியர். 2025 டிசம்பரில் வாஷிங்டன் நகரில் உலகக் கோப்பைக் கால்பந்துக்குப் பிரிவுகளைத் தீர்மானிக்கும் குலுக்கல் நடந்தபோது, ஈரான் குழுவின் பயிற்சியாளருக்கு அமெரிக்க விசா கிடைத்தது. அந்நாட்டுச் சங்கத்தின் தலைவருக்குக் கிடைக்கவில்லை. இது புதிய வழக்கமன்று. இத்தகைய பூசல்களுள் மிகப் பெரியது அறுபதாண்டுகட்கு முன்னரே நிகழ்ந்தது. அதில் நடுநாயகமாக நின்றவர் ஓர் இந்தியர் என்பதனால் அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

அவர் பெயர் குரு தத் சோந்தி. லாகூர் அரசினர் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1932 முதல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர். 1934-இல் தில்லியில் மேற்காசிய விளையாட்டு விழாவை நடத்தியவர். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்குக்கு வந்திருந்த ஆசிய நாட்டுப் பிரதிநிதிகளை ஒன்றுகூட்டி, ஆசியாவுக்கெனத் தனி விழா வேண்டுமென்று வாதாடியவரும் அவரே. அதன் பயனாக 1949-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுச் சம்மேளனம் பிறந்தது. 1951 மார்ச்சில் அதே தில்லியில் முதல் விழா நடந்தது. ஆகவே ஆசிய விளையாட்டு என்பது சோந்திக்குத் தாம் பெற்று வளர்த்த குழந்தை போன்றது.

நான்காவது விழாவை நடத்தும் பேறு இந்தோனேஷியாவுக்குக் கிட்டியது. அதிபர் சுகர்ணோ சோவியத் நாட்டின் உதவியோடு சேனாயன் என்னுமிடத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் அமரத்தக்க பேரரங்கம் ஒன்றை எழுப்பினார். விழாவைக் கேட்டுப் பெற்றபோது, தமக்குத் தூதரக உறவில்லாத நாடுகள் உட்பட, சம்மேளனத்தின் உறுப்பினர் அனைவரையும் அழைப்பதாக இந்தோனேஷியா வாக்களித்திருந்தது. தைவானும் இஸ்ரேலும் அத்தகைய உறுப்பு நாடுகள். ஆனால் பீகிங் அரசும் அரபு நாடுகளும் இவ்விரண்டும் வரலாகாது என்று வற்புறுத்தின. அவர்களுடைய நட்பு இந்தோனேஷியாவுக்கு அக்காலத்தில் மிகவும் வேண்டியிருந்தது. 'வராதீர்கள்' என்று வெளிப்படையாகச் சொன்னால் விதி மீறப்பட்டதாகும். எனவே விசா மட்டும் வழங்கப்படவில்லை. தைவானுக்கு வந்து சேர்ந்த கட்டில் அடையாளச் சீட்டுகளுக்குப் பதிலாக ஒன்றும் எழுதப்படாத வெற்று அட்டைகளே இருந்தன. அலுவலகத்தில் காகிதத்தோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மறுப்பு என்று எழுதிய காகிதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், வெற்றுக் காகிதத்தை எதிர்த்து யாரிடம் முறையிடுவது?

இந்தோனேஷியாவை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. அதே 1962-இல், பெர்லின் சுவர் எழுந்த காரணத்தால், கிழக்கு ஜெர்மானியருக்குப் பயணப் பத்திரம் வழங்க மேலை வல்லரசுகள் மறுத்தன. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் நடந்த உலகப் பனி ஹாக்கிப் போட்டிக்கு அவர்கள் வர இயலவில்லை. அது கண்டு சோவியத் நாடும் செல்லாது நின்றது. சுதந்திரம் பேசுவோரும் சமத்துவம் பேசுவோரும் வாயிலை அடைக்கும் கலையில் ஒருவருக்கொருவர் சளைத்தவரல்லர்.

1962 ஆகஸ்டு 24-ஆம் நாள் விழா தொடங்கிற்று. சோந்தி அப்போது சம்மேளனத்தின் துணைத் தலைவர். இரண்டு உறுப்பு நாடுகளைப் புறத்தே நிறுத்திவிட்டு நடக்கும் இதனை 'ஆசிய விளையாட்டு விழா' என்று அழைத்தல் தகாது. 'ஜகார்த்தா விளையாட்டு' என்று வேண்டுமானால் அழைக்கலாம் என்று அவர் எடுத்துரைத்தார். பன்னாட்டுப் பளு தூக்கும் சம்மேளனமும் எதிர்த்தமையால் அப்பிரிவுப் போட்டிகள் நடைபெறாதொழிந்தன. ஆயினும் மக்களின் சினம் முழுதும் சோந்தியின்மீதே பாய்ந்தது. அவர் பேசியது சம்மேளன நிர்வாகி என்ற முறையில்; இந்திய அரசின் தூதராக அன்று. வெளியூரில் ஒருவர் வாய் திறந்தால் அவர் எந்தப் பதவியில் இருந்து பேசினார் என்று எவர் ஆராய்கின்றனர்? எந்த ஊர்க்காரர் என்றே பார்க்கின்றனர். செப்டம்பர் 3-ஆம் நாள் பெருங்கூட்டம் ஒன்று இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. சோந்தி தங்கியிருந்த ஹோட்டலையும் ஆர்ப்பாட்டக்காரர்கள் நாடிச் சென்றனர். முறையான விசாவுடன் உள்ளே வந்த அதிகாரி, அன்றே நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

விழா தொடங்கிய பின்னர் அதன் பெயரைப் பறிக்க முயன்றது காலங்கடந்த செயல் என்று சோந்தியைக் குறை கூறுவோர் உளர். அதில் ஓரளவு உண்மை உண்டு. வெற்று அட்டைகள் வந்த செய்தி தெரிந்தவுடனேயே சம்மேளனம் கூடி, விழாவை நிறுத்துவதா நடத்துவதா என்று முடிவு செய்திருக்க வேண்டும். ஆனால் அவ்வாறு செய்யாத குற்றம் சம்மேளனம் முழுவதையும் சாரும். பலர் கூடி மௌனம் காத்தபோது ஒருவர் பேசினார். பேசியவர் தலையிலேயே எல்லாம் விழுந்தது.

மறுநாள், செப்டம்பர் 4, கால்பந்து இறுதி ஆட்டம். இந்தியாவும் தென்கொரியாவும் மோதின. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் நிறைந்த அரங்கில் இந்தியாவுக்கு எதிரான கூச்சலே மிகுந்திருந்தது. பயிற்சியாளர் ரஹீமின் குழு 2-1 என்ற கணக்கில் வென்றது. முதல் கோல் அடித்த பி. கே. பானர்ஜி கிழக்கு இரயில்வேக்காரர் என்பதை இங்கே குறிப்பிடாமல் போக என் மனம் இடந்தரவில்லை. இரண்டாம் கோல் ஜர்னெயில் சிங் அடித்தது. கோல் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். தாம் செய்யாத செயலுக்காக வசையேற்று ஆடிய அந்தப் பதினொருவரின் வெற்றியை, ஒலிம்பிக் வெற்றிகளுக்கு ஈடாகவே நான் மதிக்கிறேன்.

1963 பெப்ரவரியில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்தோனேஷியாவை இடைநீக்கம் செய்தது. சுகர்ணோ தளரவில்லை. அவ்வாண்டு நவம்பரில், புதிதாக எழும் நாடுகளின் விளையாட்டு என்னும் பொருள்படும் 'கானெஃபோ' விழாவை அதே அரங்கில் நடத்தினார். அதில் கலந்துகொண்டோர் பலருக்குப் பன்னாட்டுச் சம்மேளனங்கள் தடை விதித்தன. அதனால் 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வந்த இந்தோனேஷியக் குழு போட்டியிடாமலே திரும்பிற்று. 1966-இல் பாங்காக்கில் நடந்த ஐந்தாம் ஆசிய விழாவில் தைவானும் இஸ்ரேலும் பங்கேற்றன. சோந்தி அதே ஆண்டில் காலமானார்.

நம் நாட்டு வாயிலும் ஒருமுறை அடைபட்டதுண்டு. 2019 பெப்ரவரியில் புல்வாமா கொடுமைக்குப் பின், தில்லியில் நடந்த துப்பாக்கி சுடும் உலகக் கோப்பைக்கு வரவிருந்த பாகிஸ்தான் குழுவினர்க்கு விசா கொடுக்கப்படவில்லை. இரண்டு வீரர், ஓர் அதிகாரி. நாற்பது காவல்வீரர்களை இழந்த துயரம் ஆறாத நாள்கள் அவை. அம்மறுப்பின் காரணம் விளங்காதவர் நம்மில் எவருமிலர். ஆயினும் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அவ்விரு வீரர்கள் பங்கேற்க இருந்த பிரிவில் ஒலிம்பிக் தகுதி இடங்களை நீக்கியது. இந்தியாவில் எதிர்கால விழாக்களை நடத்துவது பற்றிய பேச்சுகளையும் நிறுத்தி வைத்தது. தகுதி பெற்ற எவரையும் தடுக்கமாட்டோம் என்று ஜூன் மாதத்தில் நம் அரசாங்கம் எழுத்து மூலம் உறுதியளித்த பின்னரே அத்தடை நீங்கிற்று.