தாது, மகரந்தம், சேர்க்கை

முகை என்றால் விரியாத மொட்டு. விழுப்புரம் மாவட்டத்து முகையூரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் காதில் விழுகிறது. அந்தப் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை தேய்ந்து வந்த பெயர். மல்லாட்டைப் பூவில் நடப்பதைத் தமிழில் பிசகில்லாமல் சொல்லப் பார்த்தால், நம் கலைச்சொற்கள் தடுமாறும் இடம் தெரிந்துவிடும்.

பள்ளிப் பாடம் மகரந்தச் சேர்க்கை என்கிறது. மகரந்தம் வடசொல், வடமொழியில் அது பூந்தேன். பூவின் தூளுக்கு அங்கே பராகம் என்று தனிப்பெயர் உண்டு. இந்தியும் மலையாளமும் பராகத்தை வைத்தே தங்கள் சொல்லை ஆக்கிக்கொண்டன. நாம் தேனின் பெயரைத் தூளுக்குச் சூட்டினோம். சங்கப் பாடல்களில் அந்தத் தூள் தாது. வண்டு ஊதுவது தாதைத்தான். பின்னாளில் கனிமத்துக்கும் உடல் வலுவுக்கும் அதே பெயர் வழங்கியதால் பாடநூல் அதைத் தவிர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். இழப்புதான். ஆனாலும் மகரந்தம் இன்று பிள்ளைகள் வாயில் ஊன்றிவிட்டது. அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன்.

சேர்க்கை என்ற சொல்லில் கவனம் வேண்டும். தூள் சூல்முடியில் படிவது ஒன்று. அது குழாய் விட்டு இறங்கிச் சூலைக் கருவுறச் செய்வது வேறு. படிந்ததெல்லாம் கருவுறுவதில்லை.

தன், அயல் என்ற பிரிப்புதான் பெருங்குழப்பம். பூசணிக்கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒரே கொடியின் ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்குத் தேனீ தூளைச் சுமந்தால் அது தன்னா, அயலா? தேனீயின் வழியைப் பார்த்தால் அயல், விதையின் மரபைப் பார்த்தால் தன். விதைக்கென்று காய் விடுகிறவருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. பனையில் இந்தக் கேள்வியே எழாது: ஆண் மரமான அலகுப்பனையும் பெண் மரமான பருவப்பனையும் தனித்தனி மரங்கள். ஆகவே தன்பூ, தன்செடி, பிறசெடி என மூன்றாகப் பிரித்துச் சொல்வதே நேர்மையான வழி.

மல்லாட்டை தன்பூ வகை. மஞ்சள் பூ காலையில் விரியும் முன்பே, மூடிய இதழுக்குள் தூள் சூல்முடியில் படிந்துவிடுகிறது. அதனால்தான் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இரண்டு ரகங்களைக் கலக்க, முதல்நாள் மாலையே முகையைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, மறுநாள் காலை வேறு ரகத்தின் தூளைத் தடவ வேண்டியிருக்கிறது.

கருவுற்ற சூலகத்தை நுனியில் ஏந்திக்கொண்டு ஒரு காம்பு நீண்டு மண்ணுக்குள் போகும். கொல்லையில் அதற்கு விழுது என்று பெயர். பூ வாடி ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது கண்ணில் படும். விழுது இறங்கிவிட்டது என்பார்கள்.