நீரோவின் கோப்பையும் நர்மதைக் கரை நீலக்கல்லும்

எங்கள் வீட்டு ஷோகேஸில், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல் இருக்கிறது. அடியில் பொடிப்பொடியாய் மின்னும் வெள்ளைக் குவார்ட்ஸ். நம்ம ஊர் வெங்கச்சங்கல் குடும்பம்தான். அதன்மேல் வெளிர்நீலத்தில் கட்டங்கட்டமாய் ஃப்ளோரைட். பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "மோதிரத்தில் வைக்கிற நீலமா சார்?" என்பதுதான். இல்லை. மோதிர நீலத்தின் கடினம் மோஸ் அளவில் 9, குவார்ட்ஸ் 7, ஃப்ளோரைட் வெறும் 4. பேனாக் கத்தியால் கீறினாலே கோடு விழும்.

பரோடாவில் இந்தக் கல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர், "ரோமாபுரி ராஜாக்களே நம்ம குஜராத் கல்லுலதான் குடிச்சாங்களாமே!" என்று சொல்லிவிடுகிறார். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. பிழைக்க வந்த ஊருக்கு ஒரு பெருமை என்றால் நமக்கும் அதில் பங்கு உண்டல்லவா? ஆனால் நம் பிள்ளைகள் படிக்கப்போகும் மலரில் எழுதுவதென்றால் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ரோமாபுரிக்குப் போவோம். அங்கே 'முர்ரா' என்ற கல்லில் செய்த கோப்பைகளுக்கு ஒரு பைத்தியமே பிடித்திருந்தது. கி.மு. 61இல் பாம்பே தன் வெற்றி ஊர்வலத்தில் அவற்றை முதன்முதலாக ரோமுக்குக் கொண்டுவந்தான் என்று மூத்த பிளினி தன் இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில் எழுதுகிறார். நீரோ மன்னன் ஒரே ஒரு கோப்பைக்குக் கொடுத்த விலை 10 லட்சம் செஸ்டர்ஸ். அன்றைய ரோமானியப் போர்வீரனுக்கு வருஷச் சம்பளம் 900 செஸ்டர்ஸ்தான், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோனியஸ் என்ற பிரபு சாகும் தறுவாயில், நீரோ கைக்குப் போய்விடக் கூடாதென்று தன் 3 லட்சம் செஸ்டர்ஸ் முர்ராக் கரண்டியை உடைத்தே போட்டானாம்.

பிளினி சொல்லும் இன்னொரு கதைதான் நமக்கு முக்கியம். முன்னாள் கான்சல் ஒருவர் 70,000 செஸ்டர்ஸுக்கு வாங்கிய கோப்பையின் மேல் வைத்த ஆசையில் அதன் விளிம்பைப் பல்லால் கடித்தே தேய்த்துவிட்டார். சிரிப்புக் கதை மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் இதில் ஒரு தடயம் உண்டு. மனிதப் பல்லின் மேற்பூச்சுக்குக் கடினம் ஏறக்குறைய 5. ஃப்ளோரைட்டைப் பல் தேய்க்கும். கடினம் 7 உள்ள அகேட்டைக் கடித்தால் பல்தான் போகும்! ஆக, கான்சல் கடித்தது அகேட் அல்ல. முர்ரா என்பது ஃப்ளோரைட்தான் என்று 1949இல் லோவென்தால், ஹார்டன் என்ற இரு ஆய்வாளர்கள் விரிவாக வாதிட்டார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் கிராஃபர்ட் கோப்பை, பார்பர் கோப்பை என்று இரண்டு இருக்கின்றன. இரண்டும் கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய வேலை, இரண்டும் ஃப்ளோரைட். துருக்கி–சிரியா எல்லைப் பக்கம் ஒரு கல்லறையில் கிடைத்தவை என்று சொல்லப்படுகிறது.

சரி, கல் எங்கிருந்து போனது? நம்மவர் பிடித்துக்கொள்வது பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூலை. கி.பி. முதல் நூற்றாண்டு நடுவில் எழுதப்பட்ட அந்நூல், உஜ்ஜயினியிலிருந்து (நம் பெருங்கதை சொல்லும் உஞ்சைதான்) பரிகாசா துறைமுகத்துக்கு ஓனிக்ஸ் கல்லும் முர்ராவும் வந்து கப்பலேறின என்கிறது. பரிகாசா என்பது இன்றைய பரூச். பரோடாவிலிருந்து பம்பாய் ரயிலில் போகும்போது நர்மதைப் பாலத்துக்கு முன்னால் வரும் ஸ்டேஷன். அதே நூல் நம் முசிறியைச் சொல்லும்போது மிளகு, முத்து, பலவகை ஒளிக்கற்கள் என்று அடுக்குகிறது, முர்ராவைச் சொல்லவில்லை. ஆகவே இந்தப் பெருமையில் தெற்குக்குப் பங்கு கேட்க முடியாது.

பரூச்சிலிருந்து நர்மதையோடு மேலே போனால், ஆற்றுக்கு வடக்கே, மத்தியப் பிரதேச எல்லையை ஒட்டி அம்பாடுங்கர் மலை. 2013இல் பரோடா மாவட்டத்திலிருந்து பிரிந்த சோட்டா உதேப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. சுமார் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன், தக்காண எரிமலைகள் கக்கிக்கொண்டிருந்த காலத்தில், சுண்ணாம்புச் சத்தே குழம்பாய்ப் பொங்கி வளையமாய் உறைந்த மலை இது. கார்பனடைட் என்பார்கள். பின்னால் வந்த ஃப்ளோரின் கலந்த வெந்நீர், பாறை வெடிப்புகளில் ஃப்ளோரைட்டைப் படியவிட்டது. சில துண்டுகளில் அதன்மேல் குவார்ட்ஸ், சிலவற்றில் அடியில். சுத்தமான ஃப்ளோரைட்டுக்கு நிறமே கிடையாது. துளியளவு கலந்த அருமண் தனிமங்களும் இயற்கைக் கதிர்வீச்சும்தான் நீலமும் ஊதாவும் ஏற்றுகின்றன. பம்பாயைச் சேர்ந்த பேராசிரியர் சுகேஸ்வாலாவும் உதாஸும் 1963இல் இந்தக் கார்பனடைட்டை உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். 30 சதவீதத் தரத்தில் சுமார் 1 கோடியே 16 லட்சம் டன் தாது என்று பிறகு கணக்கிட்டார்கள். காடிபானியில் குஜராத் கனிம வளர்ச்சிக் கழகத்தின் ஆலை வந்தது. இரும்பு உருக்கவும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் செய்யவும் தேவைப்படும் சரக்கு. நாம் தோசைக்கல்லில் காணும் டெஃப்லானுக்கும் மூலம் இந்தக் கல்தான்.

ஆற்றின் மேலே ஃப்ளோரைட் மலை, ஆற்றின் கீழே முர்ரா ஏற்றிய துறைமுகம். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால் பெரிப்ளூஸ் சொல்வது உஜ்ஜயினி வழியை. இந்த மலையை அல்ல. பிளினியோ, முர்ரா கிழக்கே பார்த்திய நாட்டிலிருந்து வருகிறது, அதிலும் உயர்ந்தது கார்மேனியா என்கிறார். அதாவது இன்றைய ஈரானின் கெர்மான் பக்கம். பரூச்சுக்கு அருகே ரத்தன்பூரில் அருமையான அகேட் கிடைக்கும். கம்பாயத்து மணிக்காரர்கள் 'அகீக்' என்று இன்றும் பட்டை தீட்டுவது அதைத்தான். 1912இல் பெரிப்ளூஸை ஆங்கிலமாக்கிய ஷாஃப், பரூச் முர்ராவைக் கார்னீலியன் சிவப்புக் கல் என்றே பெயர்த்தார். ஒரே வியாபாரப் பெயரில் இரண்டு சரக்கு ஓடியிருக்கலாம். கடைத்தெருவில் இது புதுசா என்ன? நீரோவின் கோப்பை ஈரான் கல், பரூச்சில் ஏறியது பெரும்பாலும் அகேட் வகை என்பதே என் அபிப்பிராயம்.

இதை மாற்ற ஒரே வழி ரசாயனம். கார்பனடைட்டில் பிறந்த ஃப்ளோரைட்டில் அருமண் தனிமங்களின் விகிதம் ஊர் முத்திரை மாதிரி. மற்ற ஊர்க் கல்லிலிருந்து பிரித்துக் காட்டும். பரூச் மண்ணிலிருந்தோ எகிப்துத் துறைமுகக் குப்பையிலிருந்தோ ஒரு ஃப்ளோரைட் சில்லு அந்த முத்திரையோடு வந்தால், அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வதில் என்னைவிட யாருக்கும் சந்தோஷம் இருக்காது.