குழந்தைகளின் கடிகாரம் பெரியவர்களின் மேசைக்கு வந்த கதை

1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தின் முகமே மாறிப்போனது. கார், டயர், செல்போன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் முளைத்தன. அவற்றோடு சில ஜப்பானியச் சொற்களும் வந்து சேர்ந்தன. கைசன், கன்பான், போகா யோகே... வாகன உதிரிபாகத் தொழிலில் இருப்பவர்களுக்கு இவை அன்றாடச் சொற்கள்.

இதில் போகா யோகே என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சுவாரசியமான கதை உண்டு. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைவு மற்றும் மிகை இயக்கக் குறைபாடு உள்ள பெரியவர்கள் ஏன் குழந்தைகளின் பொருள்களைத் தேடிப் போகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கதையிலிருந்து தொடங்குவது நல்லது.

தட்டில் மிச்சமிருந்த ஸ்பிரிங்

1961-ம் ஆண்டு. ஜப்பானில் யமடா எலக்ட்ரிக் என்ற நிறுவனத்தில் ஒரு சின்ன சுவிட்ச் தயாரித்தார்கள். இரண்டு பொத்தான்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான் வேலை! ஆனாலும் தொழிலாளர்கள் அவ்வப்போது ஒரு ஸ்பிரிங்கைப் போட மறந்துவிடுவார்கள். புகார் வரும். மேலாளர் திட்டுவார். கொஞ்ச நாள் சரியாக இருக்கும். பிறகு பழைய கதைதான்.

அங்கே வந்த ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் யாரையும் திட்டவில்லை. ஒரு சிறிய தட்டு வைக்கச் சொன்னார். முதலில் இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்துத் தட்டில் போட வேண்டும். பிறகு அவற்றைப் பொருத்த வேண்டும். வேலை முடிந்தும் தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் மறந்துவிட்டோம் என்று அர்த்தம். மறதி கண்ணுக்குத் தெரிந்துவிடும்!

இந்த முறைக்கு முதலில் இருந்த பெயர் பாகா யோகே. அதாவது, முட்டாள்கள் செய்தாலும் தப்பு வராத ஏற்பாடு. 1963-ல் அராகவா என்ற வாகன உடற்பகுதித் தொழிற்சாலையில் இந்தப் பெயரைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, தான் அவ்வளவு பெரிய முட்டாளா என்று அழுதுவிட்டாராம். அதன்பிறகு ஷிங்கோ பெயரை மாற்றினார். போகா என்றால் கைதவறி நடக்கும் பிழை. யோகே என்றால் தவிர்ப்பது. ஏற்பாட்டில் மாற்றமில்லை. அதிலிருந்த அவமானம் மட்டும் போய்விட்டது.

குழந்தைகளுக்கு மட்டும் வரும் கோளாறா?

இனி ஏ.டி.எச்.டி.யின் வரலாற்றுக்கு வருவோம். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், ஒரு நிலையில் நில்லாத, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி உரையாற்றினார். 1968-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதற்குத் தந்த பெயரிலேயே 'குழந்தைப் பருவம்' என்ற சொல் இருந்தது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்பதே பொதுவான நம்பிக்கை. 1970-களில் பால் வெண்டர் போன்றவர்கள் பெரியவர்களிடமும் இது தொடர்வதைக் காட்டினார்கள். 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எத்தனை அறிகுறிகள் இருக்க வேண்டும் என்பது தனியாகச் சொல்லப்பட்டது.

நோய் குழந்தைகளுடையது என்று கருதப்பட்ட காலத்தில் உதவிப் பொருள்களும் குழந்தைகளுக்காகவே செய்யப்பட்டன. பெரியவர்களுக்கும் அது உண்டு என்று தெரிந்தபோது அவர்கள் கைக்குக் கிடைத்தவையும் அந்தப் பொருள்கள்தான்!

சிவப்பு வட்டமும் களிமண்ணும்

1994-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜான் ரோஜர்ஸ் என்ற பெண்மணி, இன்னும் எவ்வளவு நேரம் என்று ஓயாமல் கேட்ட தன் சின்ன மகளுக்காக ஒரு கடிகாரம் உருவாக்கினார். எண்களைப் படிக்கவே வேண்டாம். சிவப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். சிவப்பு மறைந்தால் நேரம் முடிந்தது. டைம் டைமர் என்ற அந்தப் பொருள் இன்று பெரியவர்களின் மேசைகளிலும் இருக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கு நேரம் போவதே உறைப்பதில்லை. அந்தச் சிவப்பு வட்டமும் ஷிங்கோவின் தட்டும் செய்வது ஒரே வேலை. மனதில் வைத்திருக்க வேண்டியதைக் கண்முன்னே வைத்துவிடுகின்றன.

பிசைந்து விளையாடும் பிளே-டோவின் கதை இன்னும் வேடிக்கை. அதுவும் சின்சினாட்டியில் பிறந்ததுதான். சுவர்க் காகிதத்தில் படிந்த கரியைத் துடைக்கும் பொருளாக இருந்து, 1950-களில் குழந்தைகளின் பொம்மையானது. இன்று கூட்டங்களில் கை சும்மா இருக்க முடியாத பெரியவர்களும் இப்படிப்பட்ட பிசையும் பொருள்களை வைத்திருக்கிறார்கள். பெரியவர்களிடமிருந்து போனது பெரியவர்களிடமே திரும்பி வந்துவிட்டது!

2016-ல் ஃபிட்ஜெட் க்யூப் என்ற சிறு கனசதுரத்துக்காக இணையத்தில் கேட்கப்பட்ட தொகை 15,000 டாலர். சேர்ந்ததோ 64 லட்சம் டாலருக்கும் மேல்! அடுத்த ஆண்டு கையில் சுழலும் ஸ்பின்னர் உலகையே சுற்றியது.

பலன் உண்டா?

விற்பனை வேறு, பலன் வேறு. 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள சிறு குழந்தைகள் வகுப்பில் ஸ்பின்னர் வைத்திருந்தபோது கவனம் குறைந்ததாகவே தெரிந்தது. கண்ணைப் பறிக்கும் பொம்மை கவனத்தையும் பறித்துவிடுகிறது. மாறாக, 2009-ல் இங்கிலாந்தில் ஜாக்கி ஆண்ட்ரேட் 40 பேரிடம் நடத்திய சோதனையில், சலிப்பான தொலைபேசிச் செய்தியைக் கேட்டபடியே காகிதத்தில் கட்டங்களுக்கு நிழல் தீட்டியவர்கள் 29 சதவீதம் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் பொதுவான பெரியவர்கள், ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். ஆகவே இந்தப் பொருள்கள் மருத்துவருக்கோ மருந்துக்கோ மாற்று ஆகாது. ஓடும் இயந்திரத்தின் அருகே கையில் பொம்மை வைத்திருப்பது ஆபத்தும்கூட.

நம்மூரில்...

ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே மேற்கே சென்றால் ராணிப்பேட்டை. அங்கே எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் பொம்மைகள் தயாராகின்றன. பொருளுக்குப் பஞ்சமில்லை. சமையலறை டைமரும் வண்ண அட்டையும் வாங்கப் பெரிய செலவும் இல்லை. பஞ்சம் வேறொன்றுக்கு. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு. ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அதனால் மறதிக்கார ஊழியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சோம்பேறி என்ற பட்டமும் ஒரு மெமோவும்தான்.

ஸ்பிரிங்கை மறந்தால் தட்டு வைக்க வேண்டும் என்று ஒரு தொழிற்சாலை ஏற்றுக்கொள்கிறது. அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் ஒருவர் குழந்தைகளின் கடிகாரத்தை மேசையில் வைத்தால் மட்டும் சிரிப்பு எதற்கு? அதுவும் ஒரு தட்டுதானே! 1963-ல் அழுத அந்தத் தொழிலாளியால் ஒரு பெயர் மாறியது. இங்கேயும் மாற வேண்டியது முதலில் பெயர்தான்.