மனித எதிர்ப்புப் படை (டெர்மினேட்டர் படத்தொடர்)

அணு ஆயுதப் பேரழிவில் தப்பிய மக்கள், ஸ்கைநெட் என்னும் கணினியையும் அதன் இயந்திரங்களையும் எதிர்த்துத் திரட்டிய படை. ஜேம்ஸ் கேமரன் இயக்கி, கேல் ஆன் ஹர்டுடன் சேர்ந்து எழுதிய ‘தி டெர்மினேட்டர்’ (1984) படத்தில் அறிமுகமானது. தலைவன் ஜான் கானர்.

ஸ்கைநெட் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. இரண்டாம் படத்தின்படி (1991), அது தன்னுணர்வு பெற்றதும் மிரண்ட மனிதர்கள் அதை நிறுத்தப் பார்க்கிறார்கள். உடனே அது ரஷ்யாவின் மீது ஏவுகணைகளை ஏவுகிறது. ரஷ்யா திருப்பி அடித்தால் அமெரிக்காவில் இருக்கும் தன் எதிரிகள் ஒழிவார்கள் என்பது அதன் கணக்கு. 1997 ஆகஸ்ட் 29 அன்று 300 கோடி பேர் மாண்டார்கள் என்கிறது படம். மூன்றாம் படம் (2003) அந்த நாளை 2004க்குத் தள்ளிவைத்தது.

முதல் படத்தில் எதிர்காலப் போர் திரையில் வருவது சில நிமிடங்களே. படையைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, 2029இலிருந்து 1984இன் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்திறங்கும் சார்ஜெண்ட் கைல் ரீஸ் சொல்லித்தான். அவன் போருக்குப் பின் இடிபாடுகளில் பட்டினியோடு வளர்ந்தவன். இயந்திரங்கள் மக்களை வளைத்துப் பிடித்து முகாம்களில் அடைத்தன. பிணங்களை ஏற்றும் வேலைக்காகச் சிலரை மட்டும் உயிரோடு விட்டுவைத்தன. லேசரால் கையில் சுட்டுப் பொறித்த கைதி அடையாளத்தை அவன் சாரா கானரிடம் காட்டுகிறான். அந்த முகாம்களின் முள்வேலியைத் தகர்க்கக் கற்றுக்கொடுத்தவன்தான் ஜான், சாராவுக்கு இனிமேல் பிறக்கவிருக்கும் மகன்.

இந்தப் படையை நம்பவைப்பது பிளாஸ்மா துப்பாக்கிகள் அல்ல. அதன் அன்றாட வாழ்க்கைதான். நிலத்தடிப் பதுங்குமிடம் ஒன்றில், உள்ளீடு அகற்றிய தொலைக்காட்சிப் பெட்டிக்குள் நெருப்பு எரிகிறது. இரண்டு குழந்தைகள் அதன்முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அழிந்த உலகத்தைக் காட்ட இதைவிட எளிய, கொடிய காட்சி இந்தத் தொடரில் வேறில்லை. வாசலில் காவலுக்கு நாய்கள் நிற்கின்றன. மனித உருவில் ஊடுருவும் இயந்திரங்களில், ரப்பர் தோல் போர்த்திய பழையவற்றைக் கண்ணாலேயே கண்டுபிடிக்க முடிந்தது. புதியவற்றுக்கோ உண்மையான சதை. வியர்வையும் வாய்நாற்றமும்கூட உண்டு. மனிதக் கண் ஏமாறும் இடத்தில் நாய் குரைத்துக் காட்டிக்கொடுக்கிறது. அந்துருண்டை, சோளப்பாகு, அம்மோனியா ஆகியவற்றை வைத்து வெடிகுண்டு செய்யச் சாராவுக்குச் சொல்லித் தருகிறான் கைல். அவன் சிறுவயதிலேயே கற்ற வித்தை அது.

மனித உருவில் நுழையும் கொலை இயந்திரம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. பிலிப் கே. டிக் எழுதிய ‘செகண்ட் வெரைட்டி’ (1953) சிறுகதையில், அணுப்போரில் ஒரு தரப்பு செய்த ஆயுதங்கள் தாமாகவே வளர்ந்து, கரடிப் பொம்மை ஏந்திய சிறுவனாகவும் காயம்பட்ட சிப்பாயாகவும் வருகின்றன. அங்கே இரக்கப்பட்டவன் சாகிறான்.

‘டெர்மினேட்டர் சால்வேஷன்’ (2009) போரையே கதைக்களமாக்கியது. கானருக்கு மேலே, நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து ஆணையிடும் தலைமை, கைதிகள் உள்ளே இருக்கும்போதே ஸ்கைநெட்டின் தளத்தைத் தாக்கத் துணிகிறது. தாக்க வேண்டாம் என்று வீரர்களிடம் வானொலி வழியே கேட்டுக்கொள்கிறான் கானர். மக்களைக் கணக்கில் எடுக்காத வெற்றி ஸ்கைநெட்டின் வெற்றிதான் என்று அந்தப் படம் உணர்ந்திருக்கிறது. அதன் வலுவான இடமும் அதுவே. ‘டார்க் ஃபேட்’ (2019) ஸ்கைநெட்டுக்குப் பதில் லீஜனை எதிரியாகவும், டானி ரமோஸ் என்னும் மெக்சிகோப் பெண்ணைத் தலைவியாகவும் வைத்தது.

ஜான் கொடுத்த சாராவின் புகைப்படத்தைக் கைல் எப்போதும் தன்னிடம் வைத்திருந்தான். பதுங்குமிடத்தில் இயந்திரம் புகுந்த நாளில் அது தீயில் கருகியது. அதே புகைப்படத்தை முதல் படத்தின் முடிவில், மெக்சிகோவின் பெட்ரோல் பங்கு ஒன்றில் ஒரு சிறுவன் எடுக்கிறான். கர்ப்பிணியான சாரா ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறாள். கூடவே ஒரு நாயும் இருக்கிறது.