மீளும் கம்பி

தையல்காரர் பாவாடை இடுப்பை இழுத்துப் பார்த்தார். "எலாஸ்டிக் செத்துப்போச்சும்மா, மாத்திடலாம்." இழுத்த பட்டி திரும்பாமல் தொய்ந்து கிடந்தது. திரும்பாவிட்டால் செத்ததுதான்! பாடநூலில் இந்தத் திரும்பும் குணத்துக்கு 'மீட்சி' என்று பெயர்.

எலாஸ்டிக் என்ற சொல்லின் கிரேக்க வேருக்கு ஓட்டுதல், உலோகத்தை அடித்து நீட்டுதல் என்று பொருள். அடித்துத் தகடாக்கிய செம்பு எங்கே திரும்பப்போகிறது? 17ஆம் நூற்றாண்டில், அமுக்கிய காற்று விரிவதைச் சொல்ல ஐரோப்பியர் இந்த வேரிலிருந்து சொல்லை ஆக்கினார்கள். கம்பிக்கும் சுருள்வில்லுக்கும் அது பிறகுதான் வந்தது. ஆனால் ராபர்ட் ஹூக் 1678இல் சுருள்வில்லைப் பற்றி எழுதிய நூலின் லத்தீன் தலைப்புக்குப் பொருளே 'மீட்கும் ஆற்றல்'. நம் கலைச்சொல் ஹூக்கின் பக்கம்.

அடகு நகையை மீட்கிறோம். வீணையை மீட்டுவதும் இதே குடும்பம் என்றே எனக்குப் படுகிறது; விரல் இழுத்த தந்தி மீண்டால்தானே நாதம்?

உடன்பிறந்த சொற்களில் அவ்வளவு ஒற்றுமை இல்லை. ஓர் அலகு பரப்பில் விழும் விசைக்கும், மூல நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பதற்கும் இங்கே தகைவு, திரிபு என்று பெயர். இலங்கைப் பாடநூல்களில் தகைப்பு, விகாரம். கண்ணுக்குத் தெரியாமல் நீண்டதற்கு விகாரம் என்ற பெயர் கொஞ்சம் அதிகம்தான்.

எவ்வளவு நீளும்? 2 மீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியில் 2 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எஃகு கால் மில்லிமீட்டர் நீளும், செம்பு 0.4, அலுமினியம் 0.7. சாயம் பூசி நிறத்தை மறைத்த கம்பியைக் கொடுத்தாலும் ஆய்வக மாணவர் இந்த நீட்சியை அளந்து, தகைவைத் திரிபால் வகுத்து, இன்ன உலோகம் என்று சொல்லிவிடலாம். வரும் எண்ணுக்குத் தாமஸ் யங்கின் பெயர்: யங் குணகம். எஃகுக்குச் சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. பித்தளையும் செம்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், அங்கே கை சற்று நடுங்கினாலும் விடை மாறிப்போகும்.

ரப்பருக்கு இந்த எண் மிகச் சிறியது. அதனால் ரப்பரைவிட எஃகுக்கே மீட்சி அதிகம் என்று பரீட்சைக்கு எழுதுவோம். தையல்காரரிடம் இதைச் சொன்னேன்.

"அப்போ இடுப்புக்குக் கம்பி வெச்சுத் தெச்சுடவாம்மா?" என்றார்.